பாதி விலையில் கப்பல் ஏறும் முறை

1

வருவாய்த்துறையில் என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலையில் பூங்கொத்து, மதியம் மருத்துவக் குறிப்பு, மாலையில் இரங்கல் என்று ஒழுங்காக நடக்கும் குழு. சென்ற வாரம் ஒருவர் அதில் ஒரு பழைய படத்தைத் தேடியெடுத்துப் போட்டார். நானும் என் மனைவி பத்மாவும் ஒரு வெள்ளைக் கப்பலின் மேல்தளத்தில் நிற்கிறோம். ஓராண்டுக்கு முன் நானே பெருமையாக அனுப்பிய படம். கீழே ஒரு வேண்டுகோள்: "சார், ஆஸ்திரேலியாவுல இருந்துகிட்டே இந்தியா ரேட்டுல போனீங்களாமே. எனக்கும் அங்க பொண்ணு இருக்கா. வழிமுறைய விவரமா எழுதுங்க, எல்லாருக்கும் உபயோகமா இருக்கும்."

எழுதுகிறேன். விவரமாகவே.

என்னை அறியாதவர்களுக்குச் சிறு அறிமுகம். முப்பத்து நான்கு ஆண்டுகள் செங்கல்பட்டுப் பக்கத்துத் தாலுகா அலுவலகங்களில் கழித்தவன். கடைசி ஒன்பது ஆண்டுகள் இருப்பிடச் சான்றிதழுக்கான விண்ணப்பங்கள் என் மேசைக்குத்தான் வரும். இன்னார் இன்ன முகவரியில் உண்மையிலேயே குடியிருக்கிறார் என்று அரசாங்கத்துக்கு உறுதி சொல்வது என் வேலை. இல்லாத ஊரில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நான் ஒருநாளும் காகிதத்தை வைத்துப் பிடித்ததில்லை. காகிதம் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். பேச்சில்தான் பிடிப்பேன். ரேஷன் கடை வீட்டிலிருந்து எந்தப் பக்கம்? பால் யார் போடுகிறார்? மழை பெய்தால் தெருவின் எந்த முனையில் தண்ணீர் நிற்கும்? மூன்றாவது கேள்விக்குள் ஆளுக்கு வியர்த்துவிடும். இதில் எனக்குக் கர்வம் உண்டு. உண்டு என்பதைவிட, இருந்தது.

2

நாங்கள் மெல்பர்னுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன் பிரசன்னா இங்கே இருக்கிறான். கிழக்குத் தாம்பரத்து வீட்டை விற்றுவிட்டு வந்தோம். அந்த இடத்தில் இப்போது எட்டு ஃபிளாட்டுகள் நிற்கின்றன. எங்கள் முருங்கை இருந்த மூலையில் யாரோ கார் நிறுத்துகிறார்கள் என்று இணைய வரைபடத்தில் பார்த்தேன். பத்மாவிடம் காட்டவில்லை.

பிரசன்னா வீட்டின் பின்பக்கம் இரண்டு அறை கட்டி எங்களுக்குக் கொடுத்திருக்கிறான். நல்ல பையன். வாரத்தில் ஐந்து நாட்கள் ஜன்னல் வழியாகக் கையசைப்பான். ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்து உட்காருவான். எதைக் கேட்டாலும் "ஆன்லைன்ல பார்த்துடறேன்பா" என்பான்.

பத்மாவுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொல்லி நான்காண்டுகள். முதலில் அவள் கற்றுக்கொண்ட கொஞ்சநஞ்ச இங்கிலீஷ் போயிற்று. பிறகு அடுப்பை அணைப்பது போயிற்று. இங்குள்ள நினைவாற்றல் மையத்திலிருந்து ஹெலன் என்ற பெண்மணி மாதம் ஒரு முறை வருவார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, ஊரையும் வீட்டு எண்ணையும் எழுதி வைக்கச் சொன்னவர் அவர்தான். தினமும் காலையில் காபி குடித்ததும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இன்றைக்கு என்ன கிழமை? நாம் இருப்பது எந்த ஊர்? வீட்டு எண் என்ன? கிழமை நிலையாக நிற்கவில்லை. மற்ற இரண்டும் நின்றன. "மெல்பர்ன். பதினேழு" என்பாள். சொல்லிவிட்டு, "இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று டம்ளரைத் தள்ளிவைப்பாள்.

ஹெலன் என்னிடம் மூடி மறைக்காமல் சொல்லியிருந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு மதிப்பீடு நடக்கும். தான் எங்கே வசிக்கிறோம் என்று ஒரு அந்நியரிடம் சொல்லத் தெரிகிறவரை பத்மா எங்களோடு இருக்கலாம். பகலில் உதவிக்கு ஆள் அனுப்புவார்கள். அது தெரியாமல் போய், வீட்டை விட்டு வெளியே நடக்கவும் தொடங்கிவிட்டால், பூட்டிய கதவுள்ள இல்லம்தான். "உங்களுக்கும் எழுபத்தைந்து வயது. அவர் பின்னால் ஓட முடியாது. அந்த இரண்டு பதிலையும் பத்திரமாக வைத்திருங்கள்" என்றார்.

பத்திரமாக வைத்திருப்பது எனக்குப் பழகிய வேலை. கோப்புகளை அப்படித்தான் வைத்திருந்தேன்.

3

கப்பல் ஆசை அவளுடையது. ஒரு சனிக்கிழமை துறைமுகத்தை ஒட்டிய கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். அடுக்குமாடிக் குடியிருப்பைப் படுக்க வைத்தது போல ஒரு கப்பல் புறப்பட்டுப் போனது.

"என்னங்க, அதுல நமக்கெல்லாம் டிக்கெட் குடுப்பாங்களா?"

அந்த வருஷத்தில் அவளாகக் கேட்ட ஒரே விஷயம் அது. எங்களுக்குத் திருமணமாகி நாற்பத்தைந்து ஆண்டுகள் நிறைய இருந்தன. டாக்டரும், எங்காவது அழைத்துப் போவதென்றால் இந்த வருஷமே போய்விடுங்கள் என்றிருந்தார்.

பிரசன்னாவிடம் சொன்னேன். "நான் புக் பண்றேன்பா. பால்கனி ரூமாவே போட்டுடறேன். நீங்க தேதி மட்டும் சொல்லுங்க" என்றான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவனுக்கு அது ஆறுதலாக இருந்தது என்பது உடனே தெரிந்தது.

டாஸ்மேனியா தீவு வரை போய்த் திரும்ப ஐந்து இரவுகள். ஆஸ்திரேலிய இணையதளத்தில் போட்டிருந்த கட்டணத்தைப் பார்த்தேன். பிறகு, சும்மா, அதே கப்பல் நிறுவனத்தின் இந்திய இணையதளத்தைத் திறந்தேன். அதே கப்பல், அதே தேதி, அதே அறை. ஏறக்குறைய பாதி. கீழே பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை: இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும், ஏறும் துறைமுகத்தில் இருப்பிடம் சரிபார்க்கப்படலாம்.

நண்பர்களே, இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பணத் தட்டுப்பாடு கிடையாது. ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது. முழுக் கட்டணத்தையும் மகன் கட்டத் தயாராக இருந்தான். அந்த நிபந்தனையைப் படித்தபோது என்னை எழுந்து உட்கார வைத்தது சிக்கனம் அல்ல. ஒரு விதியின் ஓட்டை கண்ணில் பட்டதும் ஓய்வுபெற்ற அரசு ஊழியனுக்கு உண்டாகும் குஷி. வந்ததிலிருந்து இந்த ஊரில் நான் எதிலும் கெட்டிக்காரனாக இருந்ததில்லை. பேருந்து அட்டையை எந்தப் பக்கம் காட்டுவது என்றுகூட ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லித் தர வேண்டியிருந்தது. இது எனக்குத் தெரிந்த பாடம்.

எங்கள் பாஸ்போர்ட் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான். புதுப்பித்தபோது தாம்பரம் முகவரியையே நிரந்தர முகவரியாக விட்டுவைத்தேன். ஆதாரிலும் அதுதான். வங்கியிலும் அதுதான். காகிதம் எப்போதும் சரியாகத்தான் இருக்கும் என்று சொன்னேன் அல்லவா?

4

இந்திய வங்கி அட்டையில் பணம் கட்ட வேண்டும். அதற்கான ஓடிபி என் பழைய இந்திய எண்ணுக்குப் போகும். அந்த சிம் கோவிலம்பாக்கத்தில் பத்மாவின் தம்பி சேகரின் கைபேசியில் இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் நம்மவர் ஒவ்வொருவருக்கும் ஊரில் இப்படி ஓடிபி படிக்கும் ஒரு மைத்துனன் உண்டு. சேகர் வீட்டு மனைத் தரகன். நான் அழைத்தபோது கூடுவாஞ்சேரியில் ஒரு மனைப்பிரிவில் ஆளுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தான்.

"வந்துகினே கீது மாமா. எழுதிக்கோ. நாலு, ஒம்போது..."

"அது போன தடவை வந்தது சேகர். புதுசைப் பாரு."

"எது புதுசு, எது பழசுன்னு மேல எழுதியா கீது? எல்லாம் ஒரே மாதிரிதான் கீது."

நேரம் முடிந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து. நான்காவது தடவை அவன் பொறுமை இழந்தான்.

"மாமா, கஸ்டமர் வெயில்ல நிக்கிறாரு. நீங்க ரெண்டு பேரும் கப்பல்ல போறதுக்கு நான் இன்னாத்துக்கு கூடுவாஞ்சேரில பேஜார் படணும்?"

"உங்க அக்காவுக்காகடா."

"அக்காகிட்ட குடு."

கொடுத்தேன். "சேகரு, சாப்ட்டியா?" என்றாள் பத்மா.

"இன்னும் இல்லக்கா. இன்னா, கப்பல் ஏறப் போறியாமே? வாந்தி எடுக்காம வா."

"மகாபலிபுரம் போறதுக்குள்ள மூணு எடத்துல பஸ்ஸ நிறுத்துனவன் நீதான்டா" என்றாள். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று அவளுக்குத் தெரியாது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய வாந்தி மூன்று நிறுத்தங்களோடு நினைவிருந்தது.

ஐந்தாவது எண்ணில் பணம் போனது. வசிக்கும் நாடு: இந்தியா. முகவரி: பள்ளிக்கூடத் தெரு, பழைய எண் பதினான்கு, புதிய எண் முப்பத்தொன்று, கிழக்குத் தாம்பரம். அவசரத் தொடர்புக்கு: சேகர்.

5

காகிதத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பேச்சைப் பற்றித்தான் கவலை. துறைமுகத்து மேசையில் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்திருப்பான் என்றே மனதில் வைத்துக்கொண்டேன். அவன் என்னைக் கேட்கமாட்டான். பத்மாவைத்தான் கேட்பான். நானாக இருந்தால் அவளைத்தான் கேட்டிருப்பேன். அவள் "மெல்பர்ன், பதினேழு" என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

மூன்று வாரம் இருந்தது. காலைக் கேள்விகளை மாற்றினேன்.

"நாம எந்த ஊரு, பத்மா?"

"மெல்பர்ன்."

"இல்ல. தாம்பரம்."

"தாம்பரத்துலயா இருக்கோம்?" என்று ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே பிரசன்னா வீட்டுக் குப்பைத் தொட்டிகள், ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள்.

"யாராவது கேட்டா தாம்பரம்னு சொல்லணும். ஒரு வேலையா."

"பொய்யா?"

"பாஸ்போர்ட்ல அப்படித்தான் இருக்கு."

இரண்டு பதில்கள் இருந்தால் குழம்புவாள் என்று மூன்றாம் நாள் பலகையைத் துடைத்தேன். வருஷக் கணக்கில் ஒரே இடத்தில் இருந்த எழுத்து, ஈரத்துணிக்கு வரவில்லை. கை கழுவும் திரவத்தில் பஞ்சை நனைத்துத் தேய்த்து எடுத்தேன். அந்த இடத்தில் புதிய முகவரியை எழுதினேன். அதோடு விடவில்லை. வெறும் முகவரியை மனப்பாடம் செய்தவனை மூன்றாவது கேள்வியில் பிடித்துவிடலாம் என்று எனக்குத் தெரியும். எனவே உள்விவரங்களையும் சேர்த்தேன். ரேஷன் கடை எந்தப் பக்கம்? வலது பக்கம், அரிசி மண்டிக்குப் பக்கத்தில். தண்ணீர் எங்கே நிற்கும்? டிரான்ஸ்பார்மர் முனையில். ஸ்டேஷனுக்கு எப்படிப் போவீர்கள்? மார்க்கெட் வழியா நடந்து, மேம்பாலம் ஏறாம சுரங்கப்பாதைல. அவசரத்துக்கு யார்? என் தம்பி சேகர். அவன் எண்ணைப் பாட்டு மாதிரி இரண்டிரண்டாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தேன்.

அவள் கற்றுக்கொண்டாள். அதுதான் விந்தை. ஒரு புதிய விஷயத்தைக் கற்றுக்கொண்டு நான் பார்த்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. இரண்டாவது வாரக் கடைசியில் நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள். முகத்தில் ஒரு தெளிவு. நான் மகிழ்ந்தேன். இதையும் பதிவு செய்துவிடுகிறேன்: மகிழ்ந்தேன்.

6

துறைமுகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தது இருபத்து நான்கு வயதுப் பெண். பாஸ்போர்ட்டுகளை ஒரு கருவியில் காட்டினாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. என் தோல்பைக்குள் ஆதார், வங்கிப் புத்தகம், பழைய சொத்துவரி ரசீது எல்லாம் வரிசையாக இருந்தன. எதையும் கேட்கவில்லை. அட்டை அச்சாகி வரும்வரை பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று பத்மாவைப் பார்த்துச் சிரித்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்றாள்.

பத்மாவுக்கு இங்கிலீஷ் புரிந்ததா, கேள்வி கேட்ட தோரணை புரிந்ததா, தெரியாது. நிமிர்ந்து நின்று தமிழில் முழுவதையும் சொன்னாள். பழைய எண், புதிய எண், ரேஷன் கடை, அரிசி மண்டி, டிரான்ஸ்பார்மர் முனை, சுரங்கப்பாதை, சேகரின் எண்.

"லவ்லி" என்றாள் அந்தப் பெண். அடுத்தவரை அழைத்தாள்.

அவ்வளவுதான் சரிபார்ப்பு. மெல்பர்ன் என்று சொல்லியிருந்தாலும் அந்தப் பெண் "லவ்லி" என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஐந்து நாட்கள் நன்றாகவே இருந்தன. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீரைப் பார்த்தாள். நீங்கள் பார்த்த படம் இரண்டாம் நாள் எடுத்தது. மூன்றாம் நாள் காலையில், வேலை முடிந்தது, பழைய பதிலுக்குத் திரும்பலாம் என்று, காபி குடித்ததும் கேட்டேன். நாம எந்த ஊரு?

"தாம்பரம்."

"அது முடிஞ்சு போச்சு பத்மா. உண்மையா எந்த ஊரு?"

"உண்மையாதான் சொல்றேன்" என்றாள். நான் அவளைச் சோதிப்பதற்காகத் தப்பாகச் சொல்கிறேன் என்று எண்ணி, சிரித்தாள்.

7

வீட்டுக்கு வந்ததும் பலகையைத் துடைத்து மெல்பர்ன், பதினேழு என்று எழுதினேன். அவள் படித்தாள். "யாரு வீடு?" என்றாள். தினமும் மூன்று வேளை கேட்டேன். அதட்டியும் கேட்டேன். ஒரு நாள் அழுதாள். நிறுத்திவிட்டேன்.

ஆறாவது வாரம், மதியம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது வெளியே போயிருக்கிறாள். தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருந்தேன். சேகர் அழைத்தான்.

"மாமா, அக்கா எங்க?"

"ஏன்?"

"ஏன்னா? உங்க ஊரு போலீஸ் எனக்குப் போன் போட்டுகினு கீறான். இங்கிலீஷ்ல இன்னாமோ சொல்றான், நடுவுல அக்கா குரல் கேக்குது. அக்கா கையில போனைக் குடுக்கச் சொன்னேன். 'சேகரு, ஸ்டேஷனுக்கு வந்துட்டேன், தாம்பரத்துக்கு டிக்கெட் தரமாட்டேங்கறான்'னுது. மாமா, இன்னா நடக்குது அங்க?"

எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் உள்ள ரயில் நிலையம். வீடு எங்கே என்று போலீஸ்காரர் கேட்டிருக்கிறார். ஒரு தடுமாற்றமும் இல்லாமல் முழு முகவரியும் எண்ணும் சொல்லியிருக்கிறாள். நிதானமான பேச்சு, சுத்தமான புடவை, கைப்பை. வழிதவறிய சுற்றுலாப் பயணி என்று நினைத்து அவள் கொடுத்த எண்ணுக்கு அழைத்திருக்கிறார். மெல்பர்னில் தொலைந்த மனைவி இருக்கும் இடம் எனக்குக் கோவிலம்பாக்கத்திலிருந்து தெரிய வந்தது.

சாயங்காலம் பிரசன்னா உள்ளே வந்தான். ஞாயிற்றுக்கிழமை அல்ல. சேகர் அவனிடமும் பேசியிருக்கிறான். நின்றுகொண்டே கேட்டான்.

"அம்மாவுக்கு அந்த அட்ரஸ யாரு சொல்லிக் குடுத்தது?"

சொன்னேன்.

"நான் கட்டியிருப்பேனேப்பா."

"உன் காசு எதுக்குன்னு..."

"காசப் பத்தி யாரு பேசறா?" என்றான். பிறகு இங்கிலீஷுக்கு மாறி நிறையப் பேசினான். கோபம் வந்தால் அவனுக்குத் தமிழ் போதாது. எனக்கு இங்கிலீஷ் போதும். ஒன்றுவிடாமல் புரிந்தது.

8

மதிப்பீட்டுக்கு ஹெலன் வந்தார். விதிப்படி மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் சேர்த்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையான குரல்.

"அம்மா, உங்கட வீடு எங்க இருக்கு எண்டு கேக்கினம்."

"கிழக்குத் தாம்பரம். பழைய எண் பதினாலு, புதிய எண் முப்பத்தொண்ணு."

நான் குறுக்கிட்டேன். கேள்வி தவறு என்றேன். வீடு என்றால் தமிழில் பிறந்த வீடு, புகுந்த வீடு, சொந்த வீடு எல்லாம்தான். இப்போது வசிக்கும் இடம் எது என்று கேட்க வேண்டும் என்றேன். மொழிபெயர்ப்பாளர் நான் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். அது அவருடைய விதி. ஹெலன் தலையசைத்தார்.

"அம்மா, இப்ப, இண்டைக்கு, நீங்கள் எந்த இடத்தில இருக்கிறியள்?"

பத்மா என்னைப் பார்த்தாள். உதவிக்கு அல்ல. பாடத்தில் இருந்த கேள்வியே வந்துவிட்ட மாணவியின் பார்வை.

"தாம்பரம்" என்றாள். ரேஷன் கடையிலிருந்து தொடங்கினாள்.

முடிந்ததும் ஹெலன் என்னைத் தனியாக அழைத்தார். இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு எதுவும் இவ்வளவு ஆழமாகப் பதிவதில்லை, யாரோ மிக நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். குற்றம் சாட்டும் குரலில் இல்லை. வியப்பாகவே சொன்னார். நான் எத்தனையோ பேரின் பொய் இருப்பிடத்தை இதே போல அமைதியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டிருக்கிறேன். எதிர்ப்பக்கத்து நாற்காலி இப்படி இருக்கும் என்று தெரியாது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். போட்டேன்.

இல்லம் வசதியானது. ரயிலில் நான்கு நிறுத்தம். தினமும் பத்து மணிக்குப் போகிறேன். இனி எதையும் திருத்தாதீர்கள், அவர் போக்கிலேயே பேசுங்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பத்மா என்னைச் சில நாள் என்னங்க என்கிறாள், சில நாள் சார் என்கிறாள். எப்படி அழைத்தாலும் உட்கார்ந்ததும் ஒன்றைத்தான் சொல்வாள்.

"கேளுங்க. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

கேட்கிறேன். ஊர், தெரு, பழைய எண், புதிய எண், ரேஷன் கடை, தண்ணீர் நிற்கும் முனை. ஒன்றும் தவறுவதில்லை. என் மேசைக்கு வந்திருந்தால் அன்றைக்கே சான்றிதழ் எழுதிக் கொடுத்திருப்பேன். கடைசிக் கேள்வி முடிந்ததும் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நிற்பாள்.

"சரியா சொல்லிட்டேன்ல? வாங்க, ஏறலாம்."

காபி வரட்டும் என்பேன். காபி வரும். குடிப்பதற்குள் பையை மறந்துவிடுவாள். அப்போது நான் எழுந்து நடக்க வேண்டும். வாசல் கதவு திறக்க நான்கு எண்களை அழுத்த வேண்டும். எண்களை மனதில் வாங்குவதில் அவள் கெட்டிக்காரி என்பதால், பின்னால் நின்று பார்த்தாலும் தெரியாதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு அழுத்துகிறேன்.